மணிக்கட்டு

உலர்பாலத்துச் சந்தையில்
ஒற்றைக் கையுறைதான் கிடைத்தது.
மற்றது எங்கே என்றேன்.
"மற்ற கையோடு போயிருக்கும்" என்றார் விற்பவர்,
மழைக்கு மேசைமேல் பாலித்தீனை இழுத்துவிட்டபடி.
ஐந்து லரி கேட்டு மூன்றுக்குக் கொடுத்தார்.

லமாரா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
முப்பதுகளின் பெண்ணாக ஒரு படம் வேண்டும்.
சிரிக்க மாட்டேன்.
மூன்றரைக்கு எனக்கு ஷிஃப்ட்.

திபிலிசியின் அடியில் மெட்ரோ ஓட்டுகிறாள்.
பதினாறு வருடம் இருட்டுக்கு நேரே உட்கார்ந்த கண்களுக்கு
என்ன மை தீட்டுவது என்று எலிசோ கேட்டாள்.
ஒன்றும் வேண்டாம்,
புருவத்தை மட்டும் நூலாக்கு என்றேன்.

முந்தின இரவே லேஸ் காலரைத்
தேநீரில் ஊறப்போட்டிருந்தேன்.
வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தால்
காட்டிக்கொடுத்துவிடும்.
எட்டுக் குவளை டிகாக்‌ஷன்.
மகன் ஒரு குவளை கேட்டான், தரவில்லை.

தலைக்கு ஆளிவிதைக் கஞ்சி.
விரலால் அழுத்தி அழுத்தி
நெற்றியிலிருந்து காதுவரை ஆறு அலை.
ஓப்பரா கிடங்கில் இரவல் வாங்கிய
திராட்சை நிற வெல்வெட்,
யாரோ பெருத்த பாடகிக்குத் தைத்தது.
முதுகில் பதினொரு கிளிப் போட்டு இறுக்கினேன்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்,
கிளிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
முன்னால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு.
பின்னால் இன்று காலை பதினொன்றே கால்.

பொருட்களைக் கொண்டுவந்து வைப்பது
என் வேலை என்று நினைக்கிறார்கள்.
நான் பெரும்பாலும் எடுப்பவள்.
சுவரிலிருந்து ஸ்விட்ச் பலகையை (பன்னத்தண்டுச் செடியை நகர்த்தி),
ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு டிஷ்ஷை,
நகத்திலிருந்து ஜெல் பாலிஷை,
கடைசியில் அவள் கைக்கடிகாரத்தை.

"தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை."
கழற்றினாள்.
அடியில் பாத்துமி கடற்கரை வெயில் தொடாத
சோற்று வெள்ளையில் ஒரு பட்டை.
அதற்குத்தானே கையுறை என்று
நான் பெருமையாய் நீட்ட,
கட்டைவிரல் அடியிலேயே நின்றுவிட்டது.
நெம்புகோல் பிடித்த கை.
சரி, சும்மா மடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.
எலிசோ பட்டையின்மேல் பவுடர் ஒற்றினாள்.

முகவாய் கொஞ்சம் கீழே.
ஒரு கடிதம் வந்திருக்கிறது,
நீங்கள் அதைப் பிரிக்கப் போவதில்லை
என்று நினைத்துக்கொள்ளுங்கள்.
"யார் போட்டது?"
தெரியாது.
"யாரென்று தெரியாமல் எப்படிப் பிரிக்காமலிருப்பேன்?"
ஓதார் கேமராவுக்குப் பின்னால் இருமினான்.
சிரிப்பை அவன் அப்படித்தான் மறைப்பான்.

அறுபத்து மூன்று படம்.
அறுபத்து மூன்றிலும்
பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த ஒரு வெல்வெட்.

மேகம் விலகியது.
நான் வெள்ளைத் துணியைச் சரிக்கப் போனேன்.
யாரும் எதுவும் சொல்லாத அந்த நேரத்தில்
அவள் கை தானாகத் திரும்பி,
தானாகக் குனிந்து
மணி பார்த்தாள்.

அங்கே முள் இல்லை.
பவுடர் மட்டும்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.
அடுத்த நிலையத்தின் பெயரை
யாரோ அறிவிக்க மறந்துவிட்டதுபோல
வாய் லேசாகத் திறந்தது,
தோள் இறங்கியது,
முதுகில் ஒரு கிளிப் பட்டென்று தெறித்தது.
ஓதார் அழுத்தினான். ஒரே தடவை.

மூன்று பத்துக்குச் சீருடை.
அலைகளைக் கலைக்க நேரமில்லை.
கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு
"நன்றாக வந்ததா?" என்று கேட்டாள்,
பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினாள்.
கிளிப்புகளைப் பொறுக்கினேன். பத்துதான் இருந்தன.

இரவு, இசானி நிலையத்தில்
வீட்டுக்குப் போக நின்றிருந்தேன்.
ரயில் வந்தது. ஓட்டுநர் ஜன்னலில்
ஆறு அலைகள் கடந்துபோயின.
மணி பார்த்தேன்.
இரண்டு நிமிடம் தாமதம்.